கேமராவுக்குக் கட்டிய தூளி

"கழன்று போகிற சாமான் எதுவும் மேலே வரக்கூடாதும்மா. ஒரு சின்ன மூடி பறந்துபோய் வாலில் அடிச்சாப் போதும். நீங்க, நான், உங்க கேமரா, மூணு பேரும் ஒண்ணாத்தான் இறங்குவோம். அப்போ சக்கரம் தேவைப்படாது."

சென்னையிலிருந்து வந்திருந்த விமானி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. என் கணவர் என் மணிக்கட்டில் நூல் கட்டிக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் நடுங்கின. முடிச்சு விழ மறுத்தது.

நாமக்கல்லுக்கு மேற்கே, கடலை பிடுங்கி முடித்த காடு அது. எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். பரம்படித்து, கல் பொறுக்கி, எங்கள் வட்டாரத்துச் சின்ன ஜமீனான மிட்டாதாரர் அதை விமானம் இறங்கும் தளமாக்கியிருந்தார். அவர் மகனுக்குக் கல்யாணம். ஊர்வலத்தின் மேல் ஆகாயத்திலிருந்து பூத் தூவுவதற்காகவே அந்த இரட்டைச் சிறகு விமானத்தை வரவழைத்திருந்தார். காலையில் ஊர்வலம் கோயிலுக்குப் போகும்போதே பூவும் தூவியாயிற்று. காற்று அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்து ஊர் எருமைகளின் மேல் போட்டது. "எருமைக்கும் கண்ணாலம்" என்று கூட்டம் சிரித்த சிரிப்பில் மிட்டாதாரரின் முகம் கறுத்துவிட்டது. இனி அவருக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று. திரும்பி வரும் ஊர்வலம் முழுவதையும் மேலிருந்து பார்த்த மாதிரி ஒரு படம் வேண்டும். அதற்காகத்தான் சேலத்தில் படக்கடை வைத்திருந்த எங்களை அழைத்திருந்தார்.

எங்களிடம் இருந்தது ஒரு கேமரா. அதில் ஒரு ஜெர்மன் லென்ஸ். மேட்டூர் அணை வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது என் கணவரிடம் விட்டுப் போனது. அது உடைந்தால் இன்னொன்று வாங்குகிற நிலையில் நாங்கள் இல்லை. கேமரா போனால் கடை போயிற்று. கடை போனால், தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் மைத்துனர் வீட்டில் போய் ஒண்ட வேண்டும், "பொட்டிக்குள்ள தலையை விட்டுப் பொழைக்கறேன்னு போனீங்களே, என்னாச்சு?" என்று அவர் ஒவ்வொரு சோற்று வேளையிலும் கேட்பார். கேட்காவிட்டாலும் அந்த வீட்டுச் சுவர் கேட்கும். என் குழந்தை அந்தக் கேள்விக்கு நடுவில் வளரும். அன்று அந்தக் காட்டில் நின்ற எனக்கு உயிரைப் பற்றிய பயம் அவ்வளவாக இல்லை. இளவயது. உயிர் என்பது கூடவே இருக்கிற பொருள்தானே என்ற எண்ணம். அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் பயம்.

நான் மேலே போவதாக முதலில் ஏற்பாடில்லை. என் கணவர்தான் ஏறினார். முன்னிருக்கை என்பது ஒரு தொட்டி. நல்ல ஆகிருதி கொண்ட மனிதர். தோள் உள்ளே போனது, கேமராவோடு கை மேலே வரவில்லை. இறங்கச் சொன்னால் இறங்கவும் முடியவில்லை. ஆட்கள் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். நின்ற விமானத்தில் உட்கார்ந்ததற்கே அவர் நெற்றி வேர்த்துவிட்டது. திருச்செங்கோட்டு மலைப்படியில் பாதி ஏறுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொள்கிற ஆள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

"நான் போறனுங்க மாமா," என்றேன்.

"நீயா?"

"கடையில பொம்பளைகளுக்குப் படம் எடுக்கறது நாந்தானே. இங்க ஊர்கோலத்துல போறது பாதி பொம்பளைகதானுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். எங்களில் யாரைப் பற்றி அதிகம் கவலைப்பட்டார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

மிட்டாதாரரின் அத்தை அந்தக் கல்யாணத்துக்கே எஜமானி. வெற்றிலைச் சிவப்பு வாயும் குரலில் ஒரு மேளமும் உள்ள அம்மாள். விமானி என் தலையில் தோல் குல்லாயை மாட்டி, கண்ணுக்குக் கண்ணாடிக் கவசம் போட்டதும், கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"நம்மூரு ஆஞ்சநேயரு நின்ன எடத்துலயே நிக்கறாரு. அவருக்குப் பதிலா நீ ஒரு சுத்துப் பறந்துட்டு வா சாமி!"

கேமராவைப் பெட்டியில் வைத்துக் காலடியில் வைக்கலாம் என்றார் விமானி. வேண்டாம் என்றேன். எஞ்சின் ஓடும்போது அந்தத் தரையில் கை வைத்துப் பார்த்திருந்தேன். மாவு சலிக்கிற மாதிரி அதிர்ந்தது. திருகாணி ஒவ்வொன்றாகக் கழன்று விடும். மரத்தின் மேலும் வைக்கக்கூடாது, இரும்பின் மேலும் வைக்கக்கூடாது. பின் எதன் மேல் வைப்பது? சதையின் மேல்தான். வீட்டில் விட்டுவந்த குழந்தையின் தூளிச் சேலையை நான் கையோடு கொண்டுவந்திருந்தேன், பெட்டிக்குள் மெத்தையாகப் போட. துவைத்துத் துவைத்து வெண்ணெயாகிப்போன பருத்தி. அதில் கேமராவை இட்டு மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். களைபறிக்கப் போகிறவள் பிள்ளையைக் கட்டிக்கொள்வாளே, அந்தக் கட்டு. முன்பக்கம் லென்ஸ் மட்டும் எட்டிப் பார்த்தது.

கேமராவின் தோல் துருத்தி காற்றில் கிழிந்துவிடாதபடி அதன்மேல் மேச்சேரி ஆட்டுத்தோலில் ஓர் உறை தைத்திருந்தார் என் கணவர். பிறகு நூல். சேலத்தில் நூலுக்கா பஞ்சம்? லென்ஸ் மூடிக்கு ஒரு நூல். படம் பதியும் கண்ணாடித் தகட்டை வைக்கும் கூடு ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல். கூட்டை மூடும் பலகைக்கு ஒரு நூல். எல்லா நூலின் மறுமுனையும் என் மணிக்கட்டில், இடுப்பில், இருக்கை வாரில். தறியில் பூட்டிய பாவு மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன். இழுத்தால் நெய்யலாம்.

"ஊது. அப்புறம் மயிர்த் தூரிகை. துணி கடேசி," என்றார் அவர், கடையில் தினமும் சொல்வதை. மூடியைத் திறந்து லென்ஸில் படிந்த புழுதியை ஊதினார். அப்போது விமானி அவரை அழைத்து ஏதோ வாரைக் காட்ட, ஒரு நிமிடம் திரும்பினார். நான் குனிந்து முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டிருந்தேன்.

ஆரத்தித் தட்டு வந்துவிட்டது.

புது வண்டி கிளம்பினால் ஆரத்தி. கல்யாண வீட்டிலிருந்து ஆள் கிளம்பினால் ஆரத்தி. அதை யாரும் கேட்டுச் செய்வதில்லை, நிறுத்தவும் முடியாது. விமானத்தின் சக்கரங்களுக்கடியில் எலுமிச்சை வைத்தாயிற்று. காற்றாடிக்கு மாலை போடப்போய், விமானி பதறி ஓடி அதைப் பிடுங்கியாயிற்று. அத்தை தட்டைச் சுற்றினார். விரலைத் தோய்த்து விமானிக்கு ஒரு பொட்டு, எனக்கு ஒரு பொட்டு.

"பொட்டிக்கும் வெச்சுட்டேன் சாமி. பத்தரமாப் போயிட்டு வா."

கேமராவின் மரச்சட்டத்தில் வைத்திருப்பார் என்று நினைத்தேன். ஆயுத பூஜைக்கு நாங்களே அங்கேதான் வைப்போம். மனசுக்கு இதமாகக்கூட இருந்தது. என் கணவர் திரும்பி வந்தார். தன் கை நடுக்கத்தை என்னிடமிருந்து மறைக்கும் அவசரத்தில், பாராமலே லென்ஸை மூடினார்.

எஞ்சின் அலறியது.

செம்மண் எழுந்தது, கூட்டம் மறைந்தது, முதுகெலும்பில் கடலைக்காட்டின் ஒவ்வொரு மேடும் குத்தியது, பிறகு ஒன்றும் குத்தவில்லை. அவ்வளவுதான். பூமி கையை விட்டுவிட்டது.

காற்று என்று நான் அதுவரை நினைத்திருந்தது காற்றே அல்ல. முகத்துக்கு முன்னால் இருந்த சின்னக் கண்ணாடித் தடுப்புக்கு மேலே விரலை நீட்டினேன். யாரோ விரலைப் பிடித்து முறித்த மாதிரி இருந்தது. கேமராவை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு குறுகினேன். நெஞ்சு அடித்துக்கொள்வது தோலுறை வழியாகத் திரும்பி எனக்கே வந்தது. காற்றில் இருந்த ஏதோ ஒரு குழியில் விமானம் சட்டென்று விழுந்தது. வயிறு மேலே தங்கிவிட்டது. மடியிலிருந்த தகட்டுக் கூடுகள் எழும்பின. முழங்கால்களை இறுக்கிப் பிடித்தேன். நூல்கள் விறைத்தன, தாங்கின. இடப்பக்கம் நாமக்கல் பாறை, ஒரே கல், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன அம்மிக் குழவி போல. தூரத்தில் கொல்லிமலை நீலமாக நின்றது. தெற்கே காவிரி, வெயிலில் உருகின ஈயம். அழகு என்று தோன்றக் கொஞ்சம் மூச்சு வேண்டும். என்னிடம் அது இல்லை.

கீழே ஊர்வலம் வந்தது. சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கோடு, நடுவில் குதிரை வண்டி.

மூடியைத் திறந்தேன்.

லென்ஸின் நட்டநடுவில் ரத்தச் சிவப்பில் ஒரு பொட்டு.

மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த நீர். அத்தையின் கட்டைவிரல் அளவுக்கு. அவர் கண்ணுக்கு அது கேமராவின் முகம். முகத்தின் நடுவில் நெற்றி. நெற்றியில் அல்லாமல் வேறெங்கே வைப்பார்? ஓரம் அதற்குள் காய்ந்து வெளுத்து, பொடி பொடியாக நின்றது.

முந்தானை கைக்கு வந்துவிட்டது. துடைத்திருப்பேன். என் கை பாதி வழியில் நின்றது. சுண்ணாம்பு கல். காய்ந்த சுண்ணாம்பைக் கண்ணாடியின் மேல் தேய்ப்பது கல்லால் தேய்ப்பது. ஒரு தேய்ப்பில் கடை போய்விடும். தேய்க்காமல் விட்டாலும் நிம்மதியில்லை. இருட்டறையில், சுண்ணாம்பு மாதிரியே காரமான சோடாத் தண்ணீர் நிற்க விட்ட ஒரு கண்ணாடிக் கிண்ணம், கண் பூத்த கிழவன் விழி மாதிரி மங்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பொட்டு என்ன செய்யும், எவ்வளவு நேரத்தில் செய்யும், எனக்குத் தெரியாது. தெரியாததுதான் நெஞ்சை அறுத்தது.

எஞ்சின் சத்தத்தில் பேச்சு கிடையாது. ஒரே ஒரு சைகை வைத்திருந்தோம். நான் கையை உயர்த்தினால், பின்னிருக்கையில் இருக்கும் விமானி உடனே இறக்கிவிடுவார். உயர்த்தினால் கண்ணாடியைச் சீக்கிரம் கழுவலாம். ஆனால் படம் இல்லாமல் இறங்குவேன். பூவும் போய்ப் படமும் போன மிட்டாதாரர் நாமக்கல் தொடங்கிச் சேலம் வரை யாரிடமெல்லாம் என்ன சொல்வார்? அதற்குப் பிறகு எங்கள் கடைப் படி ஏற யார் இருப்பார்கள்? லென்ஸ் பிழைத்தும் கடை சாகும்.

கை உயர்ந்தது. கண்டேன், என் கைதான். தோள் வரை போயிற்று. இறக்கிவிட்டேன்.

ஓர் ஈ நினைவுக்கு வந்தது. ஒரு செட்டியார் குடும்பத்தைப் படம் எடுத்தபோது லென்ஸின் மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்ததை எடுத்து முடித்த பிறகுதான் பார்த்தோம். பதறிக்கொண்டு கழுவினால், படத்தில் ஈ இல்லை. கண்ணாடியை ஒட்டி இருப்பதைக் கண்ணாடி பார்ப்பதில்லை. கொஞ்சம் மங்கல் தட்டும், அவ்வளவுதான். லென்ஸில் வெளிச்சம் புகும் துளையை முழுக்கத் திறந்துவிட்டால் பொட்டைச் சுற்றி வெளிச்சம் வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

திறந்தேன். கேமராவின் குறி பார்க்கும் கம்பிச் சட்டத்துக்குள் ஊர்வலத்தைப் பிடித்தேன். முழங்கை விமானத்தின் விளிம்பில் படாமல், உடம்பு மட்டுமே தாங்க, மூச்சைக் கட்டிக்கொண்டு விசையை அழுத்தினேன். பலகையைச் சொருகு, கூட்டைத் திருப்பு, அடுத்த பலகையை உருவு. உருவின பலகையைக் காற்று பறித்தது. வாலை நோக்கிப் பறந்தது. என் மணிக்கட்டில் நூல் வெட்டியது. நூல் அறவில்லை. இழுத்துச் சேர்த்தேன். ரத்தம் கசிந்தது. மறுபடியும் எடுத்தேன். மறுபடியும். விமானம் சாயும்போதெல்லாம் வெயில் நேராக லென்ஸுக்குள் வந்து பொட்டைக் கொளுத்தியது. ஒவ்வொரு தடவையும், வெந்து ஒட்டிக்கொள்ளப் போகிறது என்று பல்லைக் கடித்தேன்.

கடைசிக் கூடு தீர்ந்ததும் கையை முழுசாக உயர்த்தினேன்.

தரை தட்டியது. மறுபடியும் தட்டியது. கேமராவை அணைத்துச் சுருண்டிருந்தேன். அடியெல்லாம் என் விலாவுக்கு, கேமராவுக்கு ஒன்றுமில்லை. எஞ்சின் நின்றது. காது இன்னும் அலறிக்கொண்டிருந்தது. புழுதி விலகுவதற்குள், புழுதிக்குள்ளிருந்தே, வெற்றிலைச் சிவப்பு வாய் முதலில் தெரிந்தது. கையில் தட்டு. புதுசாகக் கரைத்த ஆரத்தி.

போய் வந்தால் ஆரத்தி. மறந்தே போயிருந்தேன்.

கல்யாணக் காட்டில், சுமங்கலி கொண்டுவரும் ஆரத்தியை வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் அது அபசகுனம். பெண்ணுக்குத் தலைவலி வந்தாலும் அன்றிலிருந்து என் பேரில் எழுதுவார்கள். அத்தை தட்டைச் சுற்றினார். எனக்குப் பொட்டு வைத்தார். ஈர விரல் கீழே, என் மார்பை நோக்கி இறங்கியது. லென்ஸ் மூடியை மாட்டியிருந்தேன். அத்தை அந்த மூடியை இன்னொரு கையால் பிடித்தார், குழந்தையின் முகத்திலிருந்து துணியை விலக்குகிற மாதிரி.

தூளிச் சேலையின் தலைப்பை இழுத்துக் கேமராவின் மேல் போர்த்தினேன்.

"தூங்குதுங்க அத்தை," என்றேன். எப்படி வந்ததென்று தெரியாது. "தூங்கற பிள்ளைக்கு ஆரத்தி சுத்தலாமுங்களா?"

அத்தையின் விரல் நின்றது. சிவப்புத் துளி ஒன்று அதன் நுனியில் திரண்டு என் சேலையில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். நான் தானாகவே உடம்பை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தேன், பழக்கம். பின்னால் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

"அதுவும் செரிதான்," என்றார் அத்தை. "ஆகாசத்துல போயிட்டு வந்த அலுப்பு. தூங்கட்டும், தூங்கட்டும். எந்திரிச்சாச் சொல்லு சாமி, வாரேன்."

மிச்ச ஆரத்தியை விமானத்தின் முன்சக்கரத்தில் கொட்டிவிட்டுப் போனார்.

என் கணவர் என் முகத்தை மட்டும் பார்த்தார். "கெணத்துக்குப் போலாமுங்க," என்றேன். காட்டின் ஓரத்தில் இருந்த கிணற்றடிக்கு நடந்தோம், ஓடாமல். ஓடினால் கூட்டமும் கூடவே ஓடி வரும்.

மூடியைக் கழற்றியதும் அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"சுண்ணாம்பா?"

"ஆமாங்க."

"நாந்தானே மூடினேன்."

"அதெல்லாம் அப்புறமுங்க. இப்ப என்ன பண்றது?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சை வந்தது. புறப்படும்போது யாரோ கையில் திணித்தது. "சுண்ணாம்புக்குப் புளிப்புதான் மாத்து. ஒரே சொட்டு. நுரைச்சுக் கெளம்பிரும்."

"கெளம்பும். கண்ணாடியையும் கூட்டிட்டுக் கெளம்பினா?"

"வேற வழி சொல்லு."

"வெறுந் தண்ணி."

"வெறுந் தண்ணிக்கு அது அசையாது புள்ளெ. காஞ்சிருச்சு."

"அசையற வரைக்கும் ஊத்துவோம். நீங்க எப்பவாச்சும் ஊட்டு வாசல்ல காஞ்ச கோலத்தைச் சொரண்டிருக்கீங்களா? நான் கழுவியிருக்கேன்."

அவர் எலுமிச்சையைக் கீழே வைத்தார். கையெட்டும் தூரத்திலேயே வைத்தார் என்பதையும் கவனித்தேன்.

லென்ஸை மரையிலிருந்து கழற்றித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் உள்ளே இறங்கிவிடக்கூடாது. தொட்டதும் கீழே விழ வேண்டும். சேலைத் தலைப்பில் வடிகட்டிய தண்ணீரில், என் மணிக்கட்டிலிருந்து அவிழ்த்த நூலை நனைத்து, அதன் நுனியை விளிம்புக்குக் கீழே கொண்டுபோய்ப் பொட்டைத் தொட்டேன். சொட்டு ஒட்டியது, தொங்கியது, விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் நனைத்தேன். தூரத்தில் மேளம் கொட்டியது. தாலி ஏறியிருக்க வேண்டும். அவர் கை இப்போது நடுங்கவில்லை. படியேறப் பயப்படுகிற மனிதர், லென்ஸைப் பிடித்தால் கல் மாதிரி பிடிப்பார்.

நூலின் நுனி மஞ்சளானது.

மஞ்சள் போயிற்று. சிவப்பு வளையம் நெகிழ்ந்து ஒரு பக்கமாக வழிந்தது. அதற்கடியில் வெள்ளை, தோலுரிந்த புண் மாதிரி. அது இளகி இளகி, துகள் துகளாகச் சொட்டோடு விழுந்தது. விழாமல் ஒரே ஒரு துகள் நின்றது, கடுகில் பாதி. நூலுக்கு வரவில்லை. அவர் கண் எலுமிச்சையின் பக்கம் போனது. தோல் குல்லாயிலிருந்து வெளிவந்து கலைந்து கிடந்த என் தலைமயிரில் ஒரு கற்றையை இழுத்து, அதன் நுனியை நனைத்து, துகளின் ஓரத்தில் வைத்தேன். தள்ளவில்லை. வைத்தபடி இருந்தேன். அது தானாக வர வேண்டும்.

வந்தது.

அவர் லென்ஸை வானத்துக்குக் காட்டினார். சாய்த்தார். மறுபடி சாய்த்தார். "இருக்குது," என்றார். ஊசிமுனை அளவுக்கு ஒரு மங்கல். வெயில் ஒரு கோணத்தில் விழுந்தால் மட்டும் தெரியும். நேராகப் பார்த்தால் தெளிந்த ஆகாயம்.

"கடை?" என்று கேட்டேன்.

"கடை இருக்குது," என்றார். அந்த எலுமிச்சையை உரித்து, அப்படியே வாயில் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு தின்றார்.

படங்கள் கொஞ்சம் மங்கலாகத்தான் வந்தன. ஊர்வலத்தின் மேல் வெளிச்சம் பனி மாதிரிப் படர்ந்திருந்தது. மிட்டாதாரருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. மேலே இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் போலிருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். அத்தை மட்டும் படத்தைத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்துவிட்டு, "தூங்கிட்டே எடுத்துருக்குது," என்றாராம்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி, இருட்டறைச் சட்டிகளையெல்லாம் அடுக்கி, நான் சந்தனம் குழைத்தேன். முக்காலிக்கு மூன்று காலிலும் பொட்டு. தகட்டுப் பெட்டிக்கு, தராசுக்கு, கத்தரிக்கோலுக்கு, கதவுக்குப் பொட்டு. கேமராவைக் காணோம். தேடிக்கொண்டு உள்ளே போனேன். இருட்டறையின் மூலையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கேமரா மடியில். அதன்மேல் குழந்தையின் தூளிச் சேலை. கற்பூரம் அணைகிற வரை எழுந்திருக்கவே இல்லை.

குழந்தை வெளியே தரையில் படுத்துக்கொண்டு, தன் சேலையைக் கேட்டு அழுதுகொண்டிருந்தது.